அவிழ்ந்த அடிக்கட்டு: உச்சிப்புளிப் பக்கத்து வேம்பு ஒன்றில் நடந்தது

பின்னணி

இது நடந்தது ஒரு தை மாதம், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வடகடலை, அதாவது பாக் நீரிணையைப் பார்த்த ஒரு கிராமத்தில். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஒருவருக்கு உள்ளங்கைத் தோல் வெந்தது. இன்னொருவருக்கு இடுப்பில் நாலு நாள் கன்றிய தடம் இருந்தது. ஆனாலும் 11 மீட்டர் உயரத்தில் தொங்கிய ஒருவரின் கயிற்றைக் கீழே நின்ற நம் ஆளே அவிழ்த்துவிட்டார் என்பதை, ‘ஏதோ சாமி காப்பாத்துச்சு’ என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. குழுவில் எல்லோரும் சம்மதித்த பிறகு, பெயர் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் கயிற்றில் ஏறி மரக்கிளை வெட்டி இறக்குகிற நாலு பேர். மரம் ஏறுபவருக்கு வயது 46. சாயல்குடிப் பக்கம் 20 வருடத்துக்கு மேல் பனை ஏறியவர். எங்களோடு சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. தரையில் இருவர். ஒருவர் மூத்தவர், கயிறு, கப்பி, முடிச்சு எல்லாம் அத்துப்படி. இன்னொருவர் 19 வயதுத் தம்பி, வேலைக்கு வந்து அன்று மூன்றாவது நாள். நாலாவது ஆள் நான். ஏறவும் செய்வேன், அன்று வேலைக்குப் பொறுப்பு நான்தான்.

மரமும் இடமும்

வீட்டுக் கொல்லையில் நின்ற பழைய வேம்பு, சுமார் 55 அடி. மார்கழிக் காற்றில் கிழக்குப் பக்கத்துக் கிளை ஒன்று பாதி பிளந்து, மேலே இன்னொரு கவட்டையில் மாட்டிக்கொண்டு தொங்கியது. தொடைப் பருமன், 20 அடிக்குக் குறையாத நீளம். நேர் கீழே ஓடு வேய்ந்த மாட்டுக்கொட்டகை. வடக்கே 5 மீட்டர் தள்ளி மின்கம்பி போகிறது.

இந்தக் கரையில் வேம்பைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆட்டுக்குக் குழை ஒடித்து ஒடித்து மிஞ்சிய கட்டைகள். வெட்டிய இடம் சரியாக மூடாமல் மழை இறங்கி, வெளியே பட்டை பச்சையாக இருக்கும்போதே உள்ளே உளுத்திருக்கும். இரண்டாவது, வாடைக் காற்று. ஐப்பசி முதல் தை வரை வடகடல் பொங்கும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அநேகமாக அமைதியாகக் கிடக்கும். அதனால் இந்தப் பக்கத்து மரங்களில் வடகிழக்கு முகத்தில் நுனி காய்ந்து, உப்பு பட்டுக் கருகிய கொப்புகள் நிறைய இருக்கும். கீழிருந்து பார்த்தால் அவை பச்சை இலைக்குள் மறைந்துவிடும். நான் பைனாகுலர் எடுத்துப் போயிருந்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும்.

எதற்கு ஒற்றைக் கயிறு

நாங்கள் ஏறுவது ஒற்றைக் கயிற்று முறையில். அது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இரட்டைக் கயிற்று முறையில் கயிறு கிளைக்கு மேலே போய்த் திரும்பி, இரண்டு கால்களும் ஏறுபவரிடமே வந்து சேரும். அவர் இழுக்க இழுக்கக் கயிறு கிளைமேல் ஓடும். எடையில் பாதியைத் தூக்கினால் போதும், ஆனால் ஒரு அடி உயர இரண்டு அடி கயிறு இழுக்க வேண்டும். முரட்டுப் பட்டையில் உராய்வு வேறு. ஒற்றைக் கயிற்று முறையில் கயிறு அசையாது. ஆள்தான் கயிற்றின் மேல் நகருவார். பாதத்தில் கயிற்றைக் கவ்வும் ஒரு பிடிப்பான், முழங்காலில் ஒன்று, நெஞ்சில் ஒரு பட்டை. மாடிப்படி ஏறுவது போலக் காலால் மிதித்து ஏறலாம். குகைக்குள் இறங்கி ஏறுகிறவர்கள் வளர்த்த முறை இது. மரவேலைக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் ரொம்ப நாள் சிக்கல் இருந்தது. இரட்டைக் கயிற்றில் உடல் எடை இரு கால்களுக்கும் பிரிவதால், கயிற்றைச் சுற்றிப் போட்டு ஆளைப் பிடித்து நிறுத்தும் உராய்வு முடிச்சு இளகிக் கொடுக்கும். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் ஒரே முடிச்சின் மேல் விழ, அது கயிற்றைக் கவ்விக்கொண்டு அசைய மறுக்கும். 2010-ஐ ஒட்டி வந்த ரோப் ரெஞ்ச் என்ற சின்னக் கருவி இதற்கு வழி செய்தது. முடிச்சுக்கு மேலே கயிற்றைக் கொஞ்சம் வளைத்து உராய்வில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும்; முடிச்சு கைக்கு அடங்கும். ரெஞ்ச் உதவிக்குத்தான், உயிர் தொங்குவது முடிச்சில்தான் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனை ஏறியவருக்கு இந்த முறை ஒரே வாரத்தில் பிடிபட்டது. தளைநாரைக் காலில் மாட்டி, கையால் மரத்தை அணைத்து, காலால் உந்தி ஏறிப் பழகிய உடம்பு. “அங்க மரத்த அணைப்பேன், இங்க கயித்த அணைக்கிறேன், மத்தது ஒண்ணுதான்” என்றார். அவருக்குப் பிடிபடாதது ஒன்று இருந்தது, எங்களுக்கும்தான். பனையில் ஏறுகிறவனுக்குக் கீழே ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவன் உயிர் அவன் கையிலும் காலிலும் இருக்கிறது. ஒற்றைக் கயிற்றில் அது மாறுகிறது, கயிற்றின் மறுமுனையை எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து.

அதற்கு இரண்டு வழி. கயிற்றைக் கவட்டைக்கு மேலே போட்டு, மறுமுனையை மரத்தடியில் கட்டுவது ஒன்று. எங்களுக்குள் அடிக்கட்டு என்போம். கயிற்றை மேலேயே தண்டில் சுருக்கிட்டு இறுக்குவது மற்றொன்று, உச்சிக்கட்டு. அடிக்கட்டில் ஆளின் எடை கயிற்றின் இரண்டு கால்களிலும் விழுவதால் கவட்டையில் ஏறும் பாரம் கிட்டத்தட்ட இரு மடங்கு. எங்கள் ஆள் 64 கிலோ, சாமானோடு 73. கவட்டைக்கு 140 கிலோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மிதித்து ஏறும்போது வரும் குலுக்கல் தனி. உச்சிக்கட்டில் அந்த இரட்டிப்பு இல்லை. ஆனால் மேலே இருப்பவர் மயங்கிவிட்டால் தரையிலிருந்து இறக்க முடியாது, இன்னொருவர் ஏறித்தான் ஆக வேண்டும்.

காலையில் எடுத்த முடிவுகள்

6:30-க்குப் போய்ச் சேர்ந்தோம். 8 முதல் 12 வரை மின்சாரத்தை நிறுத்தித் தருவதாக ஏற்பாடு. காற்று 10 மணிக்கு மேல் ஏறும் என்று வீட்டுக்காரரே சொன்னார். கடலுக்குப் போகிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆக, கையில் இருந்தது இரண்டு மணி நேரம்.

எங்கள் கயிறு போதுமா என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். விசைப்படகில் கட்டும் நைலான் வடம் ஒன்றை எடுத்து வந்து, “இது ஒரு போட்டையே இழுக்கும், இதப் போடுங்க” என்றார். இழுக்கும்தான். ஆனால் முறுக்கிய கயிற்றில் ஆள் தொங்கினால் பம்பரம் போலச் சுற்றுவார். எங்கள் பிடிப்பான்கள் அதில் சரியாகக் கவ்வாது. வெயிலிலும் உப்பிலும் எத்தனை வருடம் கிடந்தது என்பதும் தெரியாது. எங்களுடையது உள்சரடும் மேலுறையும் தனித்தனியாக உள்ள, அதிகம் நீளாத கெர்ன்மேண்டில் கயிறு, 11 மில்லிமீட்டர், ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரத்தில் ‘ஏ’ வகை. அந்தத் தரத்துக்கு முடிச்சில்லாத நிலையில் 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கும் கொஞ்சம் மேல் தாங்க வேண்டும். வீட்டுக்காரர் நம்பாமல் தலையாட்டினார்.

ஏறும் கயிற்றைக் கவட்டைக்கு மேலே இழுத்துப் போட, முதலில் எறிகயிறு போட்டோம். 340 கிராம் எறிபை, 2 மில்லிமீட்டர் வழுக்குச் சரடு. வேம்பின் பட்டை வெடித்து வெடித்து இருப்பதால் சரடு வெடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து தடவை தவறியது. ஆறாவது தடவை நாங்கள் நினைத்த கவட்டையில் விழுந்தது. ஆனால் அதற்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டையின் மேலும் சேர்த்து விழுந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி எறிந்து கவட்டையை மட்டும் தனியாகப் பிடித்திருக்க வேண்டும். மணி 7:50. ‘கட்டை போனால் போகட்டும், கவட்டை தாங்கும்’ என்று விட்டேன். அன்றைய முதல் தப்பு அது, என்னுடையது.

ஏறுவதற்கு முன் நானும் மூத்தவரும் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குதித்துப் பார்த்தோம். கவட்டை அசையவில்லை.

அடிக்கட்டா உச்சிக்கட்டா என்று பேசினோம். அடிக்கட்டு என்று முடிவெடுத்தேன், காரணம் மீட்பு. ஏறத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும். மேலே அவருக்கு ஏதாவது ஆனால், இடுப்புப் பட்டையில் அசையாமல் தொங்கும் ஆளை நிமிடக்கணக்கில் இறக்கியாக வேண்டும். கால்களில் ரத்தம் தேங்கினால் அதுவே ஆபத்து. அதனால் அடிக்கட்டைச் சும்மா முடிச்சாகப் போடாமல், எட்டு வளையம் (8 வடிவ உலோக வளையம்) ஒன்றில் கயிற்றைச் சுற்றிப் பூட்டி வைத்தோம். பூட்டை அவிழ்த்தால் தரையில் நிற்பவர் கயிற்றை விட்டு விட்டு மேலே உள்ளவரை இறக்கிவிடலாம். இதற்கு உயரத்தைப் போல மூன்று மடங்கு கயிறு வேண்டும். கவட்டை 11 மீட்டரில், கயிறு 45 மீட்டர், கணக்கு சரி.

அடிக்கட்டை வேம்பின் அடியிலேயே போடவில்லை. வெட்டிய துண்டுகளை இறக்கும் கயிற்றுக்கு அந்த அடிமரம் தேவைப்பட்டது. அதனால் 4 மீட்டர் தள்ளி நின்ற பூவரசில் அடிக்கட்டு, வேம்பின் அடியில் இறக்குகயிறு. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டும் வெள்ளை, நீலப் புள்ளி போட்டவை.

தம்பியை எங்கே நிறுத்துவது? விழும் துண்டுக்குக் கீழே நிற்கக் கூடாது, மாட்டுப் பக்கமும் போகக் கூடாது. பூவரசடியில் நிற்கச் சொன்னேன். “இந்தக் கயித்தப் பாத்துக்கடா தம்பி” என்றேன். மாடு, கோழி, வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதில் மிதிக்காமல் பார்த்துக்கொள் என்பதுதான் என் மனதில் இருந்தது.

8:15 முதல் 9:40 வரை

ஆறு மீட்டர் ஏறியதும் மேலே ‘டொப்’ என்று ஒரு சத்தம். வெளிக்கட்டை உடைந்தது. கயிறு ஒரு சாண் இறங்கிக் கவட்டையில் உட்கார்ந்தது. உளுத்த கட்டைத் துண்டு மாட்டுக்கொட்டகை ஓட்டில் விழுந்து உருண்டது. அவர் கீழே பார்த்து, “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டே போனார். இறக்கிக் கேட்டிருக்கலாம். இறக்கவில்லை.

மேலே போனதும் இடுப்புத் தாங்கியைத் தண்டைச் சுற்றிப் போட்டு, கொக்கியை மாட்டிக்கொண்டார். இது எஃகுக் கம்பி உள்ளே ஓடும் குட்டைக் கயிறு. ரம்பம் தெரியாமல் பட்டாலும் லேசில் அறாது. கையில் ரம்பம் இருக்கும்போதெல்லாம் இரண்டு பிடிமானம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்டாயம். ஆரம்பத்தில் அவருக்கு இது எரிச்சல். பனை உச்சியில் பாளை சீவும்போது அவரை எதுவும் கட்டிவைக்கவில்லை. ஆறு மாதம் நச்சரித்துத்தான் பழக்கமானது.

இறக்குகயிற்றின் கப்பியை வேறு ஒரு கிளையில் கட்டி, தொங்கிய கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாக எடுக்கத் தொடங்கினார். இரண்டு துண்டு ஒழுங்காக இறங்கியது. அதற்குள் காற்று ஏறிவிட்டது; 10 மணி என்றது 9:30-க்கே வந்தது. பக்கத்துத் தென்னைகளின் சலசலப்பில் மேலே சொல்வது பாதிதான் கேட்டது.

9:40. மூத்தவர் இரண்டாவது துண்டைக் கயிற்றிலிருந்து கழற்றி வேலிப் பக்கம் இழுத்துப் போனார். நான் தெருமுனையில் வயர்மேனோடு போனில் இருந்தேன். இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இறக்குகயிற்றின் முனையை மறுபடி மேலே இழுத்துக்கொள்ள ஏறுபவருக்குத் தளர்ச்சி வேண்டியிருந்தது. அவர் மேலிருந்து, “கயித்த விடு!” என்றார்.

வேம்படியில் அப்போது யாரும் இல்லை. கயிற்றோடு நின்றவர் தம்பி ஒருவர்தான், பூவரசடியில்.

அவர் பிறகு சொன்னதை அப்படியே தருகிறேன். “நீங்க பாத்துக்கன்னு சொன்னீங்க. அண்ணன் விடுன்னாரு. என்கிட்ட இருந்த கயிறு இதான்.” முந்தின நாள் மூத்தவர் எட்டு வளையத்தைப் பூட்டுவதையும் திறப்பதையும் அவருக்குக் காட்டியிருக்கிறார், மீட்புக்கு ஒரு ஆளாவது கூடுதலாகத் தெரிந்திருக்கட்டுமே என்று. அதனால் எப்படி அவிழ்ப்பது என்பது அவருக்குத் தெரியும். பூட்டு முடிச்சை வலது கையால் தட்டி உருவினார். கயிறு வளையத்தில் ‘சர்ர்’ என்று ஓடத் தொடங்கியதும் பயந்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். கையுறை இல்லை. பூவரசடி முழுக்க மணல். அந்த மணலில் புரண்ட கயிறு அது.

மேலே அவர் உட்கார்ந்திருந்தது அந்தக் கயிற்றில்தான். கயிறு தளர்ந்ததும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்தார், இடுப்புத் தாங்கி இழுத்து நிறுத்தியது. முழங்கால் தண்டில் மோதியது. ரம்பம் கையை விட்டு நழுவி அதன் சரட்டில் ஆடியது. தாங்கியின் கொக்கி தண்டோடு மோதிய சத்தம் தெருமுனை வரை எனக்குக் கேட்டது; அதற்கு முன்னால் அவர் கத்தவே இல்லை.

மூத்தவர் வேலியிலிருந்து ஓடிவந்து, தம்பி பிடித்திருந்த இடத்துக்குப் பின்னால் கயிற்றை எடுத்துப் பூவரசை மூன்று சுற்று சுற்றினார். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி இருக்கலாம்.

உடனே செய்தவை

நான் வந்ததும் எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னேன். மூத்தவர் பூவரசை விட்டு நகரக் கூடாது. மேலே அவரிடம் மூன்று கேள்வி: இடுப்புக் கொக்கி பூட்டியிருக்கிறதா, அடிபட்டதா, தலை சுற்றுகிறதா. பூட்டியிருக்கிறது, முழங்கால் எரிகிறது, சுற்றவில்லை. அப்புறம் அவர் கேட்டது: “யாருடா விட்டது?” யாரும் பதில் சொல்லவில்லை. “சரி, கட்டுங்க” என்றார்.

அடுத்து இரண்டு வழி. ஒன்று, அடிக்கட்டை மறுபடி பூட்டி அதிலேயே அவரை இறங்கச் சொல்வது. இரண்டு, தாங்கியில் இருந்தபடியே கயிற்றை இழுத்து, தண்டில் சுருக்கிட்டு உச்சிக்கட்டாக மாற்றி இறங்கச் சொல்வது. இரண்டாவதை அவரே கேட்டார். கீழிருந்து யாரும் தொட முடியாத கயிற்றில்தான் இறங்குவேன் என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது, ஆனால் வேறு காரணத்துக்காக: எட்டு வளையத்தில் மணலோடு ஓடிய பகுதி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதில் பாரம் ஏற்ற விரும்பவில்லை. பூவரசில் சுற்றியதை நான் பார்த்துக்கொண்டிருக்க மூத்தவர் அவிழ்த்தார். ஏறுபவர் கயிற்றை மேலே இழுத்து, நல்ல பகுதியில் சுருக்கிட்டு, பாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தாங்கியைக் கழற்றினார். 10:05-க்குத் தரையில் நின்றார். இறங்கியதும் முதலில் தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு, விரல் அடியில் தோல் சுருண்டிருந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம்.

வேலையை நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரருக்குக் கோபம், பாதிக் கிளை இன்னும் மேலேதான் தொங்கியது. மாட்டை வேறு இடத்தில் கட்டச் சொல்லி, கொட்டகையைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். மின்நிறுத்தம் மறுபடி கிடைத்தது மூன்றாம் நாள்தான்.

சாமான்களைப் பிரித்துப் பார்த்தபோது

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் பாயில் பரப்பினோம். கயிற்றை ஒரு விரல்கடை ஒரு விரல்கடையாகத் தடவிப் பார்த்ததில், எட்டு வளையத்தில் ஓடிய பகுதியில் மேலுறை பஞ்சு பஞ்சாகச் சிலிர்த்திருந்தது. உள்சரடு மெலிந்த மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் உயிர் தொங்கும் வேலைக்கு இனி வேண்டாம் என்று ஒதுக்கினோம்.

எதிர்பாராமல் கிடைத்தது ஒரு கொக்கி. மூன்று அசைவில் திறக்கும் அலுமினியக் கொக்கி அது; விட்டால் தானாகச் சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். முக்கால்வாசி சுழன்று நின்றது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்து, மணலும் சேர்ந்திருந்தது. அன்று அவர் இடுப்பில் இருந்த நான்கில் ஒன்று அது, நல்லவேளை ரம்பப் பை மாட்டியது. தாங்கியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேச்சு வந்ததும் ஏறுபவர் எழுந்து வெளியே போய்விட்டார். பாதப் பிடிப்பானின் பற்களுக்கிடையிலும் மணல் அடைந்திருந்தது. ஏறும்போது இரண்டு மூன்று தடவை வழுக்கியதாக அவர் அப்போதுதான் சொன்னார். காலையில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கழுவலாம் என்றால் அதற்கும் இந்த ஊரில் ஒரு கஷ்டம். போர்த் தண்ணீரே கரிக்கிறது. அதில் அலசினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியது மாதிரி. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் குடிநீரில்தான் கயிற்றையும் கொக்கியையும் அலசுகிறோம். அதனாலேயே அதுவரை அடிக்கடி அலசாமல் விட்டிருந்தோம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மூன்றாம் நாள்

7 மணிக்குத் தொடங்கினோம். எறிகயிறு ஒன்பது தடவை தவறியது. கவட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும் வரை விடவில்லை. ஏறும் வரை அடிக்கட்டு, மேலே போய்த் தாங்கி மாட்டியதும் உச்சிக்கட்டுக்கு மாறுவது என்று பிரித்துக்கொண்டோம். மீட்புக்கு இரண்டாவது கயிறு ஒன்றை வேறு கவட்டையில் போட்டுத் தொங்கவிட்டு, நான் ஏறுவதற்கான முழு உடுப்போடு கீழே நின்றேன். நான் வேறு எந்த வேலைக்கும் போகவில்லை, போனை வண்டியில் வைத்துவிட்டேன். 9:15-க்குக் கிளை முழுதும் இறங்கியது. கொட்டகையில் இரண்டு ஓடு மட்டும் உடைந்தது, அதுவும் முதல் நாள் விழுந்த கட்டையால்.

மாற்றியவை, இன்னும் தீராதவை

‘விடு’ என்ற சொல்லை மரத்தடியில் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குக் கைவிடு, தளர்த்து, இறக்கு எல்லாமே பொருளாகிறது. காற்றில் முன்னும் பின்னும் உள்ள சொல் போய்விட்டால் ‘விடு’ மட்டும்தான் கேட்கும். இறக்குகயிறுக்கு ‘இளக்கு’, ‘வலி’ (இழு), ‘நிறுத்து’ என்று மூன்றே சொல். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ‘ஆமா’ என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏறுபவரின் கயிற்றுக்கு உசுருக்கயிறு என்று பெயர் வைத்தோம், அவர் வைத்த பெயர். அதற்கென்று கட்டளைச் சொல்லே கிடையாது. மேலிருந்து என்ன சத்தம் வந்தாலும் அதைத் தொடுவது நான் சொன்னால் மட்டும்.

‘பாத்துக்க’ என்பதையும் விட்டுவிட்டேன். இது இன்னும் கஷ்டமாக இருக்கிறது, வாயில் தானாக வருகிறது. ‘யாரும் மிதிக்காம நில்லு, நீயும் தொடாத’ என்று முழுசாகச் சொல்லப் பழகுகிறேன்.

உசுருக்கயிறு இப்போது ஆரஞ்சு நிறம், இறக்குகயிறு பழைய வெள்ளை. அடிக்கட்டு போடும் இடத்தைச் சுற்றிக் காய்ந்த பனைமட்டைகளை வட்டமாக அடுக்கிவிடுகிறோம். கருக்கு காலில் கிழிக்கும் என்பதால் யாரும் யோசிக்காமல் உள்ளே வர முடியாது. பூட்டு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சும், அதன்மேல் சிவப்புத் துணியும். மீட்பின்போது இதனால் சில விநாடி தாமதமாகும். அதை ஏற்றுக்கொண்டோம்.

ஒரு விஷயத்தில் ஏறுபவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடிக்கட்டே வேண்டாம், ஏறும்போதும் உச்சிக்கட்டுதான் என்கிறார். கீழிருந்தபடியே சுருக்கை மேலே ஏற்றி இறுக்க முடியும்தான். ஆனால் அது எந்தக் கொப்பில் எப்படி இறுகியது என்பதை மேலே போகும் வரை கிட்டத்தில் பார்க்க முடியாது, அவர் மயங்கினால் இறக்க வழியும் இல்லை. நான் அதைச் சொன்னால், “உங்க கையில நான் மயங்குறதவிட, என் கையில விழுறேன்” என்கிறார். காப்பாற்றுவதற்கென்று வைத்த பூட்டுதான் அன்று அவரை விழவைத்தது. அதனால் அவரோடு அடித்துப் பேச என்னால் முடியவில்லை. இப்போதைக்கு ஏறும்வரை அடிக்கட்டு என்று ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: பூட்டு முடிச்சைத் தம்பி போட வேண்டும், அவர் வந்து இழுத்துப் பார்த்த பிறகே ஏறுவார். தம்பியின் கை ஆற இரண்டு வாரம் ஆனது. பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்தார், கையுறையோடு.

ஒதுக்கிய 45 மீட்டர் கயிற்றை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தோம். சாமான் ஏற்றி இறக்க வைத்துக்கொள்ளலாம் என்றார் மூத்தவர். வெள்ளையில் நீலப் புள்ளியோடு இன்னொரு கயிறு மரத்தடியில் கிடக்க வேண்டாம் என்று துண்டு துண்டாக வெட்டினோம். பாக்கிப் பணம் வாங்கப் போனபோது வீட்டுக்காரர் பார்த்துவிட்டு இரண்டு துண்டு கேட்டார். கடைசியாக அந்தப் பக்கம் போனபோது அதில் மாடு கட்டியிருந்தது.